எட்டுக் கரும்புள்ளி

மஞ்சக்குப்பத்தில் என் கடையில்
மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு நீள நோட்டு.
நோட்டில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரின் பாஸ்வேர்டு.
"நீயே வச்சிக்கம்மா, எங்களுக்கு மறந்துபூடும்."
ஊரில் பாதிப்பேருக்குப்
பிள்ளை பேரும் ஒன்று இரண்டு மூன்றும்.
நெல்லிக்குப்பம் பூங்காவனத்தம்மா மட்டும்
மருமகள் பேரை வைத்தார்:
"அத எவனும் நெனைச்சிப் பார்க்கமாட்டான்."

வரிசையில் நின்றபடியே ஓடிபியைக் கூவுவார்கள்,
மீன் ஏலத்தில் விலை கேட்கிற குரலில்.
சாதி, சம்பளம், சர்க்கரை அளவு,
இரண்டாம் தாரத்தின் பிறந்த தேதி
எல்லாம் என் மேசைமேல்.
கோணலாய் விழுந்த நகல்களை
எடைக்குப் போட்டுவிடுவேன்.
ஒருநாள் சில்வர் பீச்சில் சுண்டல் தின்று முடித்தபோது
பொட்டலத்தின் அடியில்
செம்மண்டலம் கோதண்டபாணி
தகப்பன் பெயரோடு, எண்ணெயில் ஊறி, என்னைப் பார்த்தார்.
நான் எடுத்த நகல்தான்.
மணலில் புதைத்தேன்.
நாலடி நடந்து, திரும்பி வந்து தோண்டினேன்.
இன்னும் என் கைப்பையில் இருக்கிறார்.

தேவனாம்பட்டினம் அஞ்சலாட்சி வந்தது ஆனியில்.
வாரியத்தில் பதிய மெயில் ஐடி வேண்டுமாம்.
"பாஸ்வேர்டுன்னா?"
"ஒனக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு வார்த்தை."
ஃபேன் நாலு முறை என் பக்கம் திரும்பிப் போனது.
"இங்கிலீஷ்ல எனக்கு எழுத வராதே" என்றாள்.
எழுந்து வந்து
என் காதில் சொன்னாள்.

புருஷன் பேர் இல்லை, அது விண்ணப்பத்தில் இருந்தது.
பிள்ளைகள் பேரும் இல்லை.
ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து.
நம்பர் வேணுமாம் என்றேன். "இருபத்தாறு."
எங்கள் கரையில் இருபத்தாறு என்றால்
எந்த மாதம் என்று யாரும் கேட்பதில்லை.
ஒரு குறியும் வேணுமாம்.
கீபோர்டில் குனிந்து தேடி
தூண்டில்முள் போல வளைந்திருந்ததைத் தொட்டாள்.
உங்களிடம் இவ்வளவு சொன்னதே தப்பு.

நோட்டை எடுத்தேன். மூடி வைத்தேன்.
முன்னூற்றுப் பதின்மூன்றாவது வரி காலி.
அன்றைக்கு என்மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை.
திரை கேட்டது: சேமிக்கவா?
பதினோரு வருடப் பழக்கத்தில்
விரல் ஆம் என்றது.

எனக்கும் ஒன்று உண்டு.
இரவு ஒரு மணிக்கு, வெளிச்சத்தைக் குறைத்து,
போர்வைக்குள்,
புதுச்சேரி லாஸ்பேட்டையில்
ஓர் ஆள் இருக்க ஒரு வீடு தேடினேன்.
ஒரே தடவை. வாடகை மட்டும் பார்த்தேன்.
பக்கத்தில் படுத்திருந்தவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

ஆவணியில் மறுபடி அஞ்சலாட்சி.
"எழுதி வைக்கலியே?"
"இல்ல. சத்தியமா."
பக்கம் திறந்தது. நான் எதையும் தொடவில்லை.
பெட்டிக்குள் தாமாக வந்து உட்கார்ந்தன
எட்டுக் கரும்புள்ளி.
"இது என்னா?"
"நீ சொன்னதுதான்."
"அப்ப, இதுக்கும் தெரியுமா?"

கரும்புள்ளி குத்த
அந்தக் காலத்தில் ஒரு பஞ்சாயத்தாவது கூடவேண்டும்.

உள்ளங்கையை விரித்துத் திரையில் வைத்தாள்.
புள்ளிகள் மறைந்தன.
கைக்கு வெளியே, கீழ்மூலையில்,
மணியடித்து எழுந்தது ஒரு சின்னப் படம்:
லாஸ்பேட்டை, ஒற்றை அறை, தனியாக வசிக்கும் பெண்களுக்கு.
படத்தில் கதவு திறந்தே கிடந்தது.
எழுத்துக் கூட்டிப் படித்தாளா தெரியாது.
என் முகத்தைப் பார்த்தாள்.
பையைக் கீழே வைத்துவிட்டு
மற்ற கையை எடுத்து
அதன்மேல் வைத்தாள்.

வரிசையில் பின்னாலிருந்து ஒருவர்
"வந்துருச்சும்மா, சொல்லட்டா?"
என்று சொல்லிக்கொண்டே சொல்கிறார்:
ஏழு. நாலு. நாலு.